குழலும் குழாயும்

மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் நீண்டு கிடக்கிற புகைக்குழாய்க்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் சைலன்ஸர். மௌனமாக்குவது என்று அதற்கு அர்த்தம். ஆனால் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு வாலிபன், "வண்டிக்குப் புது சைலன்ஸர் மாட்டப் போகிறேன்" என்று சொன்னால், வண்டியின் சத்தத்தைக் குறைக்கப் போகிறான் என்று யாரும் நினைப்பதில்லை. இதுவரை தெருவுக்குக் கேட்டது இனி ஊருக்குக் கேட்கப் போகிறது என்றே புரிந்துகொள்வார்கள். பெயருக்கும் காரியத்துக்கும் இத்தனை தூரம் விலகிவிட்ட சொல் அரசியலில் வேண்டுமானால் ஒன்றிரண்டு இருக்கலாம். பட்டறையில் வேறு கிடையாது.

கதை எழுதுகிறவனுக்குப் புகைக்குழாயைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் எழுதுகிற நாவலைச் சில ஆயிரம் பேர் படிக்கிறார்கள். பாதிப் பேர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு நல்ல கச்சேரிக்குச் சில நூறு பேர் வருகிறார்கள். அவர்களில் சிலர் தனி ஆவர்த்தனத்தின்போது காப்பி சாப்பிட எழுந்து போகிறார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிற ஒரே ஒரு மோட்டார் சைக்கிளின் குழாயை, இருபது கிலோமீட்டருக்கு மேல் வழி நெடுக உள்ள அத்தனை ஊர்களும் கேட்கின்றன. யாரும் எழுந்து போக முடியாது. படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காரத்தான் முடியும். இவ்வளவு பேர் கேட்கிற ஒன்றைப் பற்றிப் போலீஸ்காரர் பேசுகிறார், டாக்டர் பேசுகிறார், ரசிகன் மட்டும் பேசுவதில்லை. நான் அதை ரசிகனாகவே கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஒரு சத்தம் நன்றாயிருக்கிறதா இல்லையா, ஏன் இல்லை என்று சொல்வதுதானே விமரிசகனின் வேலை?

முதலில் அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் வால்வு திறக்கிறது. உள்ளே அடைபட்டிருந்த காற்று, கொதிக்கிற சூட்டோடும் அழுத்தத்தோடும் ஒரே பாய்ச்சலில் வெளியே வருகிறது. அப்படியே விட்டால் ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சிறு வேட்டு. அந்த வேட்டை வாங்கி, அறை அறையாகத் தடுத்த குழாய்க்குள் அனுப்பி, ஓர் அலையை இன்னோர் அலையின் மேல் மோதவிட்டு, மிச்சமிருப்பதைக் கண்ணாடிப் பஞ்சில் உறிஞ்ச வைத்து, சாதுவான மூச்சாக வெளியே விடுவதுதான் சைலன்ஸரின் தர்மம். அமெரிக்காவில் ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் என்பவர் 1909-இல் துப்பாக்கிக்கு இப்படி ஒரு குழாயைப் பதிவு செய்தார். மோட்டார் வண்டிகளுக்கும் அதே வழியில் குழாய்கள் செய்தார். இவருடைய தகப்பனார்தான் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தகப்பன் உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார். பிள்ளை அதன் வாயைப் பொத்த ஏற்பாடு செய்தார். எல்லாக் குடும்பங்களிலும் இரண்டாம் தலைமுறை இவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்வதில்லை.

நம் ஊரில் குழாய்க்கு முதலில் ரசிகர்களைச் சேர்த்துக் கொடுத்தது புல்லட். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கிய வண்டி அது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூரில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. பழைய முந்நூற்றைம்பது புல்லட்டில் ஒரே ஸிலிண்டர். எழுபது மில்லிமீட்டர் அகலம், தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டம். அது நாலு ஸ்ட்ரோக் வண்டியானதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். நின்ற இடத்தில் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிறதென்றால், விநாடிக்கு எட்டு அடி விழுகிறது. எட்டு அடியைக் காது தனித்தனியாக எண்ணாவிட்டாலும் தனித்தனியாக உணரும். அதாவது அது தாளம். விநாடிக்கு இருபதுக்கு மேல் போனால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுருதியாகிவிடும். புல்லட் நிற்கும்போது தவில், ஓடும்போது தம்பூரா. இந்த எல்லைக்கோட்டில் அது நின்றுகொண்டிருப்பதுதான் அதன் கவர்ச்சிக்குக் காரணம் என்பது என் கட்சி. ஊர்ப் பெரியவர்கள், காவல் துறை அதிகாரிகள், பால்காரர்கள் எல்லாரும் அந்தத் தாளத்தில்தான் ஊருக்குள் வந்தார்கள். வருகிறவர் யாரென்று வண்டி தெரு முனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிகிற சமயத்தில் பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் போய்ப் புது இஞ்சின் வந்தது. எண்ணெய் ஒழுகுவது நின்றது, உதைத்து உதைத்துக் கால் வலிப்பது நின்றது. ஆனாலும் "சத்தம் போச்சு" என்று துக்கம் விசாரித்தவர்கள் ஏராளம். இது நம்மவர்களின் பைத்தியம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்ஸன் கம்பெனியார் 1994-இல் தங்கள் வண்டியின் சத்தத்தையே தங்கள் முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள மனுப் போட்டார்கள். போட்டிக் கம்பெனிகள் ஆட்சேபித்தன. ஆறு வருஷம் இழுத்துவிட்டு 2000-இல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சத்தத்துக்குச் சொந்தக்காரன் யார் என்ற கேள்வி அங்கேயும் தீராமலே நிற்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியின் கதை இதைவிடச் சுவாரசியமானது. அந்த வண்டியில் குழாய் வெறும் வால் அல்ல, இஞ்சினின் ஓர் அங்கம். வெளியே போகிற அலை குழாயின் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கிற புதுக் கலவையை மறுபடியும் ஸிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். எந்த இடத்தில் விரிவது, எந்த இடத்தில் குறுகுவது என்ற கணக்கு சரியாயிருந்தால் சின்ன இஞ்சினிலிருந்து பெரிய சக்தி வரும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.ஸெட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற இஞ்சினீயர் இந்த வித்தையைத் தேர்ச்சியோடு செய்தார். 1961-இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்து ஊர் திரும்பாமல் மேற்கே ஓடிப்போனார். வித்தையும் கூடவே போய் ஜப்பானில் ஸுஸுகி கம்பெனிக்குச் சேர்ந்தது. அடுத்த வருஷம் ஐம்பது ஸி.ஸி. உலகப் பட்டம் ஸுஸுகிக்கும் டெக்னருக்கும். ஒரு புகைக்குழாயின் வடிவத்துக்காக ஒரு மனிதன் நாட்டையே விட்டான் என்றால், ஏதோ துப்பறியும் நாவல் என்று நினைக்கத் தோன்றும். குழாயின் உள்வடிவத்தில் அவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

இந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான் நம் ஊர் வாலிபர்கள் இன்னமும் தேடித் தேடி வாங்குகிற ஆர்.எக்ஸ். 100. 1985-இல் வந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஏழாயிரம் சுற்றில் அது விநாடிக்கு நூற்றுப் பதினாறு தடவை வெடிக்கிறது. அது தாளத்தை என்றோ தாண்டிவிட்ட சுத்தமான சுருதி. அதன் குழாய்க்குள்ளிருக்கிற தடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இப்போதுதான் வண்டி பாடுகிறது" என்கிறார்கள். வீணையின் குடத்தை உடைத்துவிட்டு ஓசை பெரிதாயிற்று என்று சொல்வதைப் போன்ற காரியம் இது.

கயத்தாற்றில் ஒரு பட்டறையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து இந்த வைபவத்தை முழுக்கப் பார்த்தேன். சுவரில் ஆணியடித்து வரிசையாகக் குழாய்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில், கோல்டு ஸ்டார், மெகாபோன், பஞ்சாபி. ராகங்களுக்குப் பெயர் வைத்தவர்கள்கூட இவ்வளவு உற்சாகமாக வைத்திருப்பார்களா என்று சந்தேகமாயிருந்தது. வண்டியின் சொந்தக்காரனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.

"அண்ணாச்சி, சத்தம் கனமா இருக்கணும். ரோட்டுல போனா நாலு பேரு திரும்பிப் பாக்கணும்."

"இதை மாட்டிட்டு இங்கன உதைச்சா கழுகுமலைல கேக்கும் தம்பி. போதுமா?"

"போலீஸ்காரரு புடிச்சா?"

"அதுக்குத்தான் வாயில இந்தத் தக்கை இருக்கு. செக்கிங் நடக்கற பக்கம் போனா மாட்டிக்கோ. இல்லேன்னா கழத்தி டூல்ஸ் பாக்ஸுல போட்டுக்கோ."

டிபி கில்லர் என்று அந்தத் தக்கைக்குப் பெயர். ஒரே ஒரு திருகாணியில் நிற்கிறது. மனசாட்சியை இவ்வளவு சௌகரியமாகக் கழற்றி மாட்டுகிற ஏற்பாட்டை நான் வேறு எந்தத் துறையிலும் கண்டதில்லை.

மெக்கானிக்கின் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அது விமரிசகனுக்கு அழகல்ல. ஸிலிண்டர் தலையில் பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டுகளும் சூட்டில் வெந்து இறுகியிருந்தன. அவசரப்பட்டு முறுக்கினால் அடியிலிருக்கும் திருகுக்கம்பியே ஒடிந்துபோகும். அவர் எண்ணெய் விட்டுவிட்டு ஒரு டீ சாப்பிட்டார். பிறகு நட்டு தானாக வந்தது போல வந்தது. பழைய காஸ்கட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதை வைத்தார். எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகவே மாட்டி, குழாய் எங்கும் நெருக்கப்படாமல் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக ஒவ்வொன்றாக இறுக்கினார். வண்டியை உதைத்துவிட்டு, மூட்டுக்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையைக் காட்டி, எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார். நாதஸ்வர வித்வான் சீவாளியை வைத்து உறிஞ்சி ஊதிப் பார்ப்பாரே, அந்த நிதானம்.

அதற்குப் பிறகுதான் நோவுகள் தொடங்குகின்றன. தடையில்லாத குழாய் புகையைச் சுலபமாக விட்டுவிடுவதால் இஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கிறது. பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கலவை மெலிகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் 'படார் படார்' என்று வெடிக்கிறது, ஸ்பார்க் பிளக் வெளுத்துப்போகிறது, இஞ்சின் சூடேறுகிறது. கார்புரேட்டர் வண்டியானால் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிச் சமாளிப்பார்கள். அப்போது மைலேஜ் போகும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது. குழாயில் ஒரு சென்ஸார் மூச்சைப் பரிசோதித்துக்கொண்டே இருக்கிறது. விஷப் புகையை மாற்றி விடுகிற கன்வெர்ட்டரும் அந்த வழியில்தான் இருக்கிறது. அதோடு சேர்த்துக் குழாயைப் பிடுங்கி எறிந்தால், சத்தம் மட்டுமல்ல, விஷமும் பின்னால் வருகிறவர் மூக்குக்கு நேரே போகிறது. இத்தனைக்கும் பிறகு வேகம் கூடியதா என்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வேகமாகப் போகிற மாதிரி காது நினைத்துக்கொள்கிறது. கலையில் இதை மிகையுணர்ச்சி என்போம்: விஷயம் வளராமல் குரல் மட்டும் வளர்வது.

அந்த வாலிபனிடம் கேட்டேன், "தம்பி, இவ்வளவு செலவு பண்ணி எதற்கு?" என்று. நான் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு. அவன் யோசித்துப் பதில் சொன்னான்.

"மில்லுல எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்துல நிக்கேன் ஸார். அங்க நான் பேசினா எனக்கே கேக்காது. வெளிய வந்தா என் சத்தம் நாலு பேருக்குக் கேக்கட்டுமேன்னுதான்."

இந்தப் பதிலை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இயந்திரத்தின் சத்தம் அவனுடைய குரலை விழுங்குகிறது. மிச்ச நேரத்தில் ஓர் இயந்திரத்தைக் கொண்டே குரலை மீட்கப் பார்க்கிறான். சம்பளம் வாங்குகிற இடத்தில் அவன் ஒரு நம்பர். ரோட்டில் அவன் ஒரு வருகை. நம் நாவல்களில் கதாநாயகன் வரும்போது நாம் ஒரு பக்கம் வர்ணனை எழுதுகிறோம். அவனுக்கு யார் எழுதுவார்கள்? அவனே ஒரு குழாயை வாங்கி எழுதிக்கொள்கிறான்.

இதிலே இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கிறது. தெற்கத்திச் சீமையில் யார் எந்தத் தெரு வழியாக எப்படிப் போகலாம் என்பது நீண்ட காலம் எழுதாத சட்டமாக இருந்தது. சில இடங்களில் இன்றும் முழுக்கச் சாகவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவனை வெட்டினார்கள். புல்லட் ஓட்டினான் என்ற ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தார் புகார் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. பெரிய வீட்டு புல்லட் எழுபது வருஷமாக ஊருக்குள் முழங்கிக்கொண்டு போனபோது அதைக் 'கம்பீரம்' என்று சொன்னவர்கள், அதே சத்தம் வேறொரு தெருவிலிருந்து வரும்போது 'தொந்தரவு' என்று சொன்னால், அவர்கள் காதைப் பற்றி நமக்குச் சந்தேகம் வர வேண்டும். சத்தத்தை எதிர்த்து எழுத வருகிறவன் இந்தச் சந்தேகத்தைத் தன் மேலும் வைத்துக்கொள்ள வேண்டும். நிசப்தம் நல்லது என்று சொல்வது சுலபம். யாருடைய வாயை மூடி அந்த நிசப்தம் வந்தது என்று கேட்பதுதான் கஷ்டம்.

ஆகவே, உரத்த சத்தம் என்பதே குற்றம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இந்த மண் உரத்த சத்தத்தை அறிந்த மண். கோவில்பட்டி காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர். நாதஸ்வரத்தைக் காட்டிலும் பலமாக ஒலிக்கிற மரக்குழல் உலகத்தில் அதிகம் இல்லை. ஆச்சா மரத்தில் கடைந்த அதன் உடம்பு, மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து, அணசு என்ற வாயில் முடிகிறது. மெகாபோன் சைலன்ஸரும் கிட்டத்தட்ட அதே உருவந்தான். ஒடுங்கி ஆரம்பித்து விரிந்து முடிகிற கூம்பு. உள்ளே பிறக்கிற சத்தத்தை வெளிக்காற்றோடு நன்றாகச் சேர்த்துவிடுவதற்குத்தான் இரண்டிலும் அந்த விரிவு. பௌதிகத்துக்கு இரண்டும் பங்காளிகள். எனக்குத் தெரிந்து காருகுறிச்சியார் சத்தம் போட்டார் என்று யாரும் புகார் எழுதவில்லை. 1964-இல் நாற்பத்து மூன்று வயதில் அவர் மறைந்தபோது, இந்தக் கரிசல் சீமைக்கே ஊமை பிடித்தது போல் ஆனதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என்ன வித்தியாசம்? குழலுக்கு ஏழு விரல் துளைகள். அதற்குக் கீழே சுருதி சேர்ப்பதற்கென்று, மெழுகால் அடைத்துக்கொள்கிற ஐந்து துளைகள். பன்னிரண்டு துளைகளில் ஐந்து அடக்குவதற்கே ஆனவை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த அடக்கத்தின் பலத்தில்தான் மற்ற ஏழும் பேசுகின்றன. குழாய்க்கு ஒரே வாய், திறந்தது திறந்தபடி. இரண்டாவது, குழலுக்குச் சமயம் உண்டு. ஸ்வாமி புறப்பாடு, தாலி கட்டு, திருவிழா. கேட்கிறவனும் அந்தக் காரியத்தில் ஒரு பங்காளி. கல்யாண வீட்டில் மரத்தின் மேல் குழாய் ரேடியோ கட்டிப் பாட்டுப் போட்டால் ஊருக்குத் தூக்கம் கெடுகிறது, வாஸ்தவம். ஆனால் அடுத்த மாசம் நம் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அது ஒரு கொடுக்கல் வாங்கல். இரவில் போகிற மோட்டார் சைக்கிள் எந்தக் கணக்கிலும் சேராமல் வாங்கிக்கொண்டு மட்டும் போகிறது. மூன்றாவதாக, குழல் ஓய்கிறது. தவில் தனியாகப் பேச இடம் விட்டு ஓய்கிறது. ராகத்தின் நடுவில் மூச்சுக்கு ஓய்கிறது. அந்த ஓய்வில்தான் கேட்கிறவன் வித்வானுக்குப் பதில் சொல்கிறான். பதிலுக்கு இடம் விடாத சத்தம் எவ்வளவு கனமானதாயிருந்தாலும் அது பேச்சாகாது.

கயத்தாறு என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1799 அக்டோபர் 16. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். அங்கே சிலை எழுப்பியவர் சிவாஜி கணேசன். அவர் நடித்து 1959-இல் வந்த படத்தின் கர்ஜனைதான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீரம் என்றால் இன்ன சுருதி என்று கற்றுக்கொடுத்தது. அதைக் காப்பியடித்துப் பள்ளிக்கூட மேடையில் தொண்டை கட்டிக்கொள்ளாத பையன் இங்கே அபூர்வம். ஆனால் அந்தப் படத்தை மறுபடி உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கர்ஜனைக்கு முன்னால் நடிகர் குரலை இறக்குகிறார். எதிராளியைப் பேசவிடுகிறார். உட்கார்ந்து, நிமிர்ந்து, அதற்குப் பிறகுதான் குரல் ஏறுகிறது. படம் முழுக்கக் கத்தியிருந்தால் இரண்டாவது ரீலிலேயே ஜனங்கள் எழுந்து போயிருப்பார்கள். பிள்ளைகள் கர்ஜனையை எடுத்துக்கொண்டார்கள், இறக்கத்தை விட்டுவிட்டார்கள். குழாய் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது.

இனி கேட்கிறவர்களின் கட்சி. கரிசல் காடு என்பது கண்ணுக்கு எட்டிய மட்டும் சமதளம். தடுக்க மலை கிடையாது. சத்தத்தை வாங்கிக்கொள்ளத் தோப்பும் குறைவு. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெஸிபல் குறையும் என்பது பௌதிகக் கணக்கு. 2003-இல் வந்த விதிப்படி நூற்றெழுபத்தைந்து ஸி.ஸி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு எல்லை 80 டெஸிபல். ஏழரை மீட்டர் தள்ளி நின்று அளப்பது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை 45-க்கு மேல் கூடாது என்பது 2000-த்தில் வந்த விதி. ஒழுங்கான வண்டியே முழு வேகம் எடுத்தால், அதன் சத்தம் அந்த அளவுக்குத் தேய்வதற்கு அரைக் கிலோமீட்டர் வேண்டும். மாட்டிய குழாய் பத்து டெஸிபல் கூட்டிவிட்டால், காதுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. தேய்வதற்கோ ஒன்றரைக் கிலோமீட்டர். அதுவும் பகல் கணக்கு. இரவில் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று நின்றுவிட்டால், மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். ஊர் அடங்கிய பிறகு தொலைவிலுள்ள ரயில் பக்கத்தில் வருவது போலக் கேட்பது இதனால்தான்.

அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள்? பகல் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸில் குந்தியிருந்து முதுகு வலியோடு படுத்திருக்கிற பெண் இருக்கிறாள். அரை மணி நேரம் ஆட்டித் தூங்க வைத்த தொட்டில் குழந்தை இருக்கிறது. மாரடைப்பு வந்து திரும்பிய கிழவர் இருக்கிறார். காலையில் பரீட்சைக்குப் போக வேண்டிய பையன் இருக்கிறான். இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ராத்திரி ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிற மில் தொழிலாளி. நம் வாலிபனின் கூட்டாளி அவன். எட்டு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் நின்றவனுக்குக் கிடைத்த ஒரே சொத்து அந்தத் தூக்கம். அதன் மேல்தான் இவன் தன் குரலை எழுதிவிட்டுப் போகிறான். பெரிய வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் ஏ.ஸி.யும் இருக்கின்றன, அந்தச் சத்தம் அங்கே போய்ச் சேருவதே இல்லை. யாருக்குக் கேட்க வேண்டுமென்று மாட்டினானோ அவர்களுக்குக் கேட்கவில்லை. ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் கேட்கிறது. என் கண்டனத்தின் சாரம் இதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியது. அதே வருஷத்துத் திருத்தத்தில், ஒலி விதியை மீறி ஓட்டுகிறவனுக்குப் பதினாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று ஏற்றினார்கள். பல நகரங்களில் பறிமுதல் செய்த குழாய்களை ரோட்டில் பரப்பி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கி, போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு சத்தம் போடுகிற காரியம். மறுநாளே சுவரில் புதுக் குழாய் தொங்குகிறது. விற்பது தெரிந்து விற்கிறது, வாங்குவது தெரிந்து வாங்குகிறது. நடுவில் பிடிபடுகிறவன் மில் கூலிக்காரன் ஒருவன்தான். நசுக்குகிற யந்திரத்தால் ருசியை உண்டாக்க முடியாது.

ருசி எப்படி உண்டாகும்? கேட்டுத்தான் உண்டாகும். கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் அதே நெடுஞ்சாலையில் இடைசெவல் என்ற சின்ன ஊர் இருக்கிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்து வளர்ந்த ஊர். இருவரும் சங்கீதப் பித்துக்கொண்டவர்கள். அவர்களுக்கு அந்த ருசியைச் சபாக்கள் கொடுக்கவில்லை. வெளியே எதுவும் முழங்காத பொட்டல் ராத்திரியில், தூரத்தில் எங்கோ ஒருவன் பாடுவதைக் கேட்கிற வசதி அவர்களுக்கு இருந்தது. அவர்கள் எழுத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் குரலும் தனித்தனியாகக் கேட்கிறதென்றால், அவர்கள் வளர்ந்த ஊரில் குரல்கள் தனித்தனியாகக் கேட்டன. இன்று அந்த ரோட்டோரத்தில் வளர்கிற பிள்ளைக்கு அந்த வசதியை நாம் விட்டுவைக்கிறோமா?

கடைசியாக, ஒரு விமரிசகன் கொடுக்க வேண்டிய தீர்ப்பு. தொழில் திறமைக்கு முழு மார்க்கு. அந்த மெக்கானிக்கின் கைக்கு வந்தனம். புல்லட்டின் இயற்கையான தாளம், கம்பெனி மாட்டிக் கொடுத்த குழாயிலேயே, காலை வெளிச்சத்தில் நிதானமாகக் கேட்கும்போது நல்ல தாளம்; அதை ரசிக்கிறவனோடு எனக்குச் சண்டை இல்லை. மாட்டிய குழாயோ, ஆரம்பித்த இடத்திலேயே உச்சத்தில் ஆரம்பிக்கிறது. ஏற வேறு படி இல்லை. அதற்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஓய்வும் இல்லை. "நான் வருகிறேன்" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் அது சொல்கிறது. வந்தவன் யார், எங்கிருந்து வருகிறான், மில்லில் அவன் பட்ட பாடு என்ன என்ற கதையில் ஒரு வரி கூட அதில் இல்லை. திரும்பிப் பார்க்கிற நாலு பேரும் வண்டியைத்தான் பார்க்கிறார்கள். பட்டறையில் அந்தத் தம்பி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்ன இரண்டு வாக்கியங்களில் அவனை நான் கேட்டேன். அவன் வண்டி புறப்பட்டுப் போன சத்தத்தில் கேட்கவில்லை.